13,800 ரூபாய் டேப்லெட், ஏழு வகுப்புப் புத்தகங்கள், எட்டு மாதம்

காலை 8 மணிக்கு மேல் அம்பத்தூரில் கடற்கரை வண்டி ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. பெண்கள் பெட்டியிலும் அதே கதைதான். வில்லிவாக்கத்தில் யாராவது எழுந்தால் உண்டு, இல்லையென்றால் வியாசர்பாடி ஜீவா தாண்டும் வரை நின்றபடிதான் போக வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு கையால் மேலே வளையத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலைப் படிக்க முடியுமா? டேப்லெட் வாங்கக் கிளம்பியபோது என்னிடம் இருந்த கேள்வி அது ஒன்றுதான். வாங்கிய பிறகுதான் மற்ற கேள்விகள் வந்தன.

நான் தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். பாதிக் கேள்விகள் தமிழில் இருந்து. அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்கவில்லை என்றால் மீதிப் பாதியைத் திருத்தவே மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் புத்தகங்கள். அவற்றைத் தமிழ்நாடு பாடநூல் கழகமே பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கொடுக்கிறது.

முதலில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டேன். நான்கு கட்டு சேர்ந்தபோது தோள் வலி வந்தது. போன வருட மழையில் பை நனைந்து வரலாறும் குடிமையியலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அடுத்து போனில் படித்துப் பார்த்தேன். பெரிதாக்கினால் வரியின் பாதிதான் தெரியும், இடமும் வலமும் தள்ளித் தள்ளி, நான்கு வரி முடிவதற்குள் முதல் வரி மறந்துவிடும். சரி, டேப்லெட்தான் என்று முடிவு செய்தேன்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு என்றால் பழைய ஆட்கள் கடைக்காரர் பெயர் சொல்லிப் போவார்கள். எனக்கு அப்படி யாரையும் தெரியாது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தேன். கையில் ஒன்று மட்டும் கொண்டுபோனேன், அதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்: சி வகை முனை உள்ள ஒரு பென் டிரைவ். அதில் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல், ஸ்கேன் செய்த பழைய நூல் ஒன்று, டைப் அடித்த நோட்ஸ் ஒன்று, ஆக மூன்று ஃபைல்.

கடையில் இருந்த தம்பி எடுத்தவுடன் ஒரு அருவி வீடியோவைப் போட்டுக் காட்டினார். கலர் பளபளவென்று இருந்தது.

“அக்கா, இது ஸ்டூடண்ட்ஸுக்குன்னே வந்த மாடல்.”

“அருவி வேணாம் தம்பி, இந்த பென் டிரைவைப் போட்டு 112-ஆம் பக்கத்தைக் காட்டுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் காட்டினார். மூன்று டேப்லெட்டில் அதே பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஸ்கேன் நூலின் பக்கம் புரட்ட ஒவ்வொரு தடவையும் சாம்பல் கட்டம் வந்து, பிறகுதான் எழுத்து வந்தது. இன்னொன்று எட்டு அங்குலம், போனுக்கு அண்ணன். மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். 10.4 அங்குலத் திரை, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், மெமரி கார்டு போட வசதி. சிம் இல்லாத, வைஃபை மட்டும் உள்ள மாடல். பில்லோடு 13,800 ரூபாய். பில் வேண்டாம் என்றால் இன்னும் 500 குறைப்பதாகச் சொன்னார்கள். கணக்கு எழுதுகிறவளிடம் போய் பில் வேண்டாமா என்று கேட்கலாமா? கம்பெனி பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லப் போகும் குறைகளில் பாதி டேப்லெட்டின் குறையே அல்ல.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்தேன். இதைக் கடையிலேயே செய்திருக்க வேண்டும். திரையின் அகலம் 14 சென்டிமீட்டர், உயரம் 22-க்குச் சற்று மேல். ஏ4 தாளின் அகலம் 21. அதாவது நிமிர்த்திப் பிடித்தால் எந்த ஏ4 பக்கமும் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கித்தான் தெரியும். 12 புள்ளி (பாயிண்ட்) அளவில் அடித்த எழுத்து 8 புள்ளி ஆகிவிடும். தமிழில் 8 புள்ளி என்றால் ‘னை’யும் ‘ணை’யும் ஒன்றுபோலத் தெரியும். படுக்கையாகத் திருப்பினால் எழுத்து அச்சில் இருப்பதைவிடப் பெரிதாகவே வரும், ஆனால் பக்கத்தில் பாதிகூடத் தெரியாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். நல்ல பிடிஎஃப் செயலிகளில் ஓரத்தை வெட்டும் வசதி இருக்கும். நோட்ஸின் இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் வெள்ளை ஓரம் இருந்தால், அதை வெட்டியதும் மிச்சம் 16 சென்டிமீட்டர். 16-ஐ 14-க்குள் அடக்கினால் 12 புள்ளி எழுத்து பத்தரையாக நிற்கும். ரயிலில் நின்றுகொண்டு படிக்க அது போதும். நான் காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை, அமைப்பில் ஒரு பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான்.

பள்ளிப் புத்தகங்களில் மட்டும் இந்த வித்தை சரியாக எடுபடுவதில்லை. 2018 முதல் வந்த புதிய புத்தகங்களில் பக்க ஓரம் வரைக்கும் கலர் பட்டை, பூ வேலைப்பாடு. செயலி அதையும் எழுத்து என்று நினைத்துக்கொண்டு வெட்டாமல் விட்டுவிடுகிறது. கையால் எல்லை வரைந்து வெட்ட வேண்டியிருக்கிறது. அதே புத்தகங்களில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு வேறு. டேப்லெட்டில் திறந்த பக்கத்தில் உள்ள கோடை அதே டேப்லெட்டின் கேமராவால் எப்படி ஸ்கேன் செய்வது என்று முதல் நாள் நான் உண்மையாகவே ஒரு நிமிடம் யோசித்தேன். கண்ணாடி முன்னால் வைத்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. போனைக் கொண்டு ஸ்கேன் செய்யலாம், அல்லது ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படத்தைப் படிக்கும் செயலியிடம் கொடுக்கலாம்.

இதே விலையோடு இன்னும் ஏழெட்டாயிரம் சேர்க்க முடிந்தால், நீளமான திரையை விட்டுவிட்டு 4-க்கு 3 விகிதத் திரையைப் பாருங்கள். மூலைக்கு மூலை அளவு அதே 10.4 அங்குலம்தான், ஆனால் அகலம் கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர் வரும். நீளத் திரை சினிமாவுக்காக ஏற்பட்டது. எனக்கு அந்தப் பணம் இல்லை, அதனால் நான் ஓரம் வெட்டுகிறேன்.

அடுத்து ஃபைல்களை உள்ளே ஏற்றும் படலம். முதல் இரண்டு வாரம் நான் படித்ததைவிட ஏற்றியதுதான் அதிகம்.

என் ஃபைல்கள் எல்லாம் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் இருந்தன, மொத்தம் 3 ஜிபி. முதலாளி சாரிடம் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேபிளைச் சொருகினேன். சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியவில்லை. கழற்றிச் சொருகினேன், டேப்லெட்டை அணைத்துப் போட்டேன், வேறு ஓட்டையில் சொருகினேன். ஒன்றும் இல்லை. மூன்று நாள் இதே வேலை. நான்காம் நாள்தான் தெரிந்தது, நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் 60 ரூபாய்க்கு வாங்கிய கேபிளில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டும்தான் இருக்கின்றன, தகவல் போகும் கம்பி இல்லவே இல்லை. வெளியே பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். டேப்லெட் பெட்டிக்குள்ளேயே வந்த கேபிளைக் கொண்டுபோனேன். அதற்கும் ஒரு சடங்கு உண்டு: சொருகியதும் டேப்லெட்டில் மேலிருந்து அறிவிப்புப் பட்டையை இழுத்து, ‘சார்ஜ் மட்டும்’ என்று இருப்பதை ‘ஃபைல் பரிமாற்றம்’ என்று மாற்ற வேண்டும். மாற்றினால்தான் கம்ப்யூட்டர் கண் திறக்கும். அப்புறம் 3 ஜிபியும் மூன்று நிமிடத்துக்குள் ஏறிவிட்டது.

அதற்கு முந்தைய மூன்று நாளில் பொறுமை இல்லாமல் வேறு வழிகளையும் பார்த்திருந்தேன். ப்ளூடூத்தில் 60 எம்பி புத்தகம் ஒன்று போய்ச் சேர நாலைந்து நிமிடம் ஆனது. அந்தக் கணக்கில் 3 ஜிபிக்கு அரை நாள் லீவு போட வேண்டும். வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்டேன். அது வேகம்தான், 2 ஜிபி வரை ஒரு ஃபைல் போகும். ஆனால் வந்த ஃபைல் அந்தச் செயலிக்கென்று உள்ள ஃபோல்டருக்குள் போய் உட்காரும், டவுன்லோட்ஸில் தேடினால் இருக்காது. டெலிகிராமும் அப்படித்தான், அங்கே திறந்து பார்ப்பது வேறு, டேப்லெட்டில் சேமிப்பது வேறு. நான் தேடிக் கிடைக்காமல் மறுபடி மறுபடி அனுப்பி, ஒரே புத்தகம் மூன்று பிரதியாகி, எது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனது. அது முழுக்க என் அவசரம். இதில் ஒரு விஷயம் மட்டும் நினைவில் வையுங்கள்: கையெழுத்து நோட்டைப் படம் எடுத்து அனுப்பும்போது ‘போட்டோ’ என்று அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்று அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் சுருக்கிவிடும், பெரிதாக்கினால் பென்சில் எழுத்து கலங்கித் தெரியும்.

இப்போது நான் பயன்படுத்துவது குவிக் ஷேர். ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. முன்பு நியர்பை ஷேர் என்ற பெயரில் இருந்தது, 2024-இல் சாம்சங்கின் குவிக் ஷேரோடு சேர்ந்து இந்தப் பெயருக்கு மாறியது. ஆளைக் கண்டுபிடிக்க மட்டும் ப்ளூடூத், ஃபைல் போவது நேரடி வைஃபையில். இன்டர்நெட் டேட்டா செலவாகாது, தரமும் குறையாது. போனில் இருந்து டேப்லெட்டுக்கு 60 எம்பி புத்தகம் பத்து எண்ணுவதற்குள் போய்விடும். விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் அதற்கான செயலி கிடைக்கிறது. மாதம் ஒரு முறை மொத்தமாக ஏற்றக் கேபிள், அன்றாடம் ஒன்றிரண்டு ஃபைலுக்கு குவிக் ஷேர், இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பெயர் வைப்பதிலும் ஒரு பாடம் படித்தேன். என் டேப்லெட்டில் உள்ள ஃபைல் மேலாளர் எண்ணை எண்ணாகப் பார்க்காது, எழுத்தாகத்தான் பார்க்கும். ‘6 தமிழ்’, ‘7 தமிழ்’ என்று வைத்தால் 10, 11, 12 மூன்றும் முதலில் வந்து நிற்கும், ஆறாம் வகுப்பு அதற்கப்புறம். ‘06’, ‘07’ என்று பூஜ்யம் சேர்த்தேன், வரிசை நேரானது. பேரேட்டில் வவுச்சர் எண் போடும் பழக்கம் இங்கே உதவியது.

இனி நான் அதிகம் எதிர்பார்த்து ஏமாந்த இடம்: தேடல். டேப்லெட் வாங்குவதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட பெரிய காரணம் அது. ‘சோழர்’ என்று தட்டினால் ஏழு வகுப்புப் புத்தகத்திலும் சோழர் வரும் இடமெல்லாம் வந்து விழும், ஒரே மாலையில் ஒரு தலைப்பு முடிந்துவிடும் என்று கனவு. தட்டினேன். ‘எதுவும் கிடைக்கவில்லை.’ என் கண்ணுக்கு முன்னால் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் சோழர் என்று இருக்கிறது!

ஒரு வாரம் டேப்லெட்டைத் திட்டினேன். குற்றம் அதன் மீது இல்லை. என்னிடம் இருந்த பிடிஎஃப்களைப் பிரித்துப் பார்த்தால் நான்கு ஜாதி.

முதலாவது, ஸ்கேன் செய்தவை. அது எழுத்தே இல்லை, பக்கத்தின் போட்டோ. தேட அதில் ஒன்றுமே கிடையாது. இரண்டாவது, பழைய எழுத்துருவில் அடித்தவை. பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்த நோட்ஸ் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் கம்ப்யூட்டரின் மனதில் அது ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்திய தமிழ்ச் சட்டை. பாமினியில் அடித்த ஒரு வரியைக் காப்பி செய்து ஒட்டிப் பாருங்கள்: ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில யூ எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் வந்து விழும். யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையில், சோழர் என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன் அடித்த நோட்ஸ்கள் மட்டுமா பழைய எழுத்துருவில் இருக்கின்றன? போன மாதம் அடித்து, டெலிகிராமில் சுற்றும் நோட்ஸ்கூட அப்படித்தான் வருகிறது. டைப் அடிப்பவர்களின் விரல் எளிதில் மாறுவதில்லை.

மூன்றாவதுதான் வேடிக்கை. யூனிகோடில் அடித்ததுதான், ஆனால் பிடிஎஃப் ஆக மாறும்போது எழுத்தின் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிந்துவிடும். ‘கொடை’ என்று இருப்பதைக் காப்பி செய்தால் ‘ெகாைட’ என்று வரும். கொம்பு முன்னால் போய் நின்றுகொள்ளும். ‘கொடை’ என்று தேடினால் கிடைக்காது. ஆனால் ‘மரம்’, ‘பாரி’, ‘காவிரி’ கிடைக்கும், ஏனென்றால் அவற்றில் முன்னால் ஓடும் கொம்பு கிடையாது. இது புரிந்ததும் நான் ஒரு தந்திரம் செய்தேன். எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேடுவது. ‘சோழர்’ வேண்டாம், ‘கரிகால’ என்று தட்டு. இது படிப்பா புதிர்ப் போட்டியா என்று கேட்காதீர்கள், இலக்கணம் கொஞ்சம் பலமானது. நான்காவது ஜாதி எல்லாம் ஒழுங்காக இருப்பது. அது மிகக் குறைவு.

ஸ்கேன் பக்கங்களுக்கு கூகுள் டிரைவில் ஒரு வைத்தியம் உண்டு. பிடிஎஃபை ஏற்றி, கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால் படத்தில் இருந்து தமிழ் எழுத்தைப் படித்து எடுக்கும். பத்துப் பத்துப் பக்கமாக வெட்டிக் கொடுத்தேன். அச்சு தெளிவாக இருந்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. சில இடத்தில் ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றிக்கொள்ளும், இரண்டு பத்தி உள்ள பக்கத்தில் இடதையும் வலதையும் கலந்துவிடும். பாடம் முழுவதையும் அப்படி மாற்றவில்லை. அடிக்கடி தேட வேண்டிய பட்டியல்களை மட்டும், நூல்–ஆசிரியர், ஊர்–சிறப்பு, விதி எண்–பொருள், இப்படி.

வித்தியாசம் என்னவென்று பார்க்க ஆசைப்பட்டால் ஒரு சோதனை செய்யுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல் ஒன்றின் ஸ்கேனை இறக்குங்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் இருந்து ஒரு நூலை எழுத்து வடிவில் இறக்குங்கள். முதலாவது 100 எம்பியைத் தொடும், என் 4 ஜிபி ராம் மூச்சு வாங்கும், ஆனால் பழைய அச்சின் அழகு அப்படியே இருக்கும். இரண்டாவது ஒரு எம்பிகூட இருக்காது, எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், வரி தானாக மடியும், தேடினால் கிடைக்கும். படிக்க எனக்கு இரண்டாவதுதான். மேற்கோளைச் சரிபார்க்க முதலாவது.

இனி வயிற்றெரிச்சல். நான் மஞ்சள் கோடு போட்டுப் படிக்கிறவள். மூன்று வாரம் ரயிலில் நின்றபடி, ஒற்றைக் கட்டைவிரலால் ஒன்பதாம் வகுப்பு வரலாறு முழுக்கக் கோடு போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்யும் வெறி வந்து, எல்லாப் புத்தகங்களையும் மெமரி கார்டில் வகுப்பு வாரியாக ஃபோல்டர் போட்டு நகர்த்தினேன். மறுநாள் கொரட்டூரில் திறந்தால் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு கோடுகூட இல்லை.

நான் பயன்படுத்திய செயலி கோடுகளைப் பிடிஎஃபுக்குள் எழுதவே இல்லை. தன்னிடம் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, திறக்கும்போது மேலே ஒரு கண்ணாடித் தாள் போல வைத்துக் காட்டியிருக்கிறது. ஃபைலின் இடம் மாறியதும் அதற்கு இது வேறு புத்தகம். திரும்பப் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தேன், வரவில்லை. வியாசர்பாடி வரை வெளியே பார்த்துக்கொண்டே போனேன்.

ஆகவே எந்தச் செயலியாக இருந்தாலும் முதல் நாளே ஒன்று செய்யுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு கோடு போட்டுச் சேமித்து, அந்த ஃபைலைப் போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ அனுப்பி வேறு செயலியில் திறங்கள். மஞ்சள் தெரிந்தால் கோடு ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. தெரியாவிட்டால் அந்தச் செயலி படிக்க மட்டும், கோடு போட அல்ல. இன்னொன்று, மெமரி கார்டில் உள்ள ஃபைலில் எழுத சில செயலிகளுக்கு அனுமதி இருக்காது. சத்தம் இல்லாமல் வேறு எங்கோ ஒரு நகலை உருவாக்கி அதில் கோடு போட்டுவிட்டு, நீங்கள் அசலைத் திறக்கும்போது விழிக்கும். கோடு போடும் புத்தகங்களை டேப்லெட்டின் உள்ளேயே வைத்துக்கொள்கிறேன், கார்டில் வெறும் களஞ்சியம்.

மற்றவை சுருக்கமாக. எடை கவரோடு முக்கால் கிலோவைத் தொடுகிறது. கவரைக் கழற்றினால் அரை கிலோதான், ஆனால் கூட்டத்தில் கழற்றத் துணிவில்லை. ஒரு கையில் பத்து நிமிடம் தாங்கும், அப்புறம் மணிக்கட்டு பேசும். நின்றபடி படிக்க முடியுமா என்ற என் முதல் கேள்விக்குப் பதில், முடியும், இடையில் ஒரு முறை பைமேல் சாய்த்து வைத்தால். சன்னல் ஓரம் காலை வெயிலில் என் முகம்தான் தெரிகிறது, மேட் ஸ்டிக்கர் ஒட்டியபின் பரவாயில்லை. பேட்டரி இரண்டு நாள் வருகிறது, ஏற மூன்று மணி நேரம். 250 ரூபாய் தொடுபேனா வாங்கினேன், உள்ளங்கை பட்டாலும் கோடு விழுகிறது, தூக்கிப் போட்டுவிட்டேன். எழுதிப் பார்ப்பது இன்னும் 40 பக்க நோட்டில்தான். ராத்திரி எங்கள் வீட்டில் ஒரே அறை, அம்மாவுக்கு விளக்கு எரிந்தால் தூக்கம் வராது. திரையின் குறைந்தபட்ச ஒளிக்கும் கீழே மங்கலாக்க அமைப்பில் ஒரு வழி இருக்கிறது. அதைப் போட்டு, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக்கி, போர்வைக்குள் பதினோரு மணி வரை படிக்கிறேன். இந்த ஒன்றிலேயே நான் கொடுத்த பணம் வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறுகளில் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் மாறி கோட்டூர்புரம் போகிறேன், அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்க அங்கே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே பழக்கமான ஒரு பெண், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், புத்தகம் படிப்பதற்கென்றே உள்ள, ஆறு அங்குலக் கறுப்பு வெள்ளை இ-இங்க் கருவி வைத்திருக்கிறாள். கண்ணுக்கு அதுதான் சுகம், மறுக்கமாட்டேன். தாள் போலவே இருக்கிறது, வெயிலில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. கதைப் புத்தகம் படிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். ஆனால் ஆறு அங்குலத்தில் பாடப்புத்தகப் பக்கம் ஒரு தபால் கார்டு. தமிழ்நாட்டு ஆறுகளின் வரைபடத்தை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் ஆறு நீலம், மாவட்ட எல்லை சிவப்பு. அவளுடையதில் இரண்டும் சாம்பல், பாலாறு எங்கே முடிகிறது, எல்லை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

போன ஞாயிறு அவளும் ஒரு டேப்லெட்டோடு வந்தாள். என்னுடையதைவிடப் புதிய மாடல், 4-க்கு 3 திரை. பார்த்ததும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. “அக்கா, உங்க ஃபோல்டரை அப்படியே குடுங்க” என்றாள். காசு கட்டிப் படிக்கும் இடத்தின் நோட்ஸ் எதுவும் அதில் இல்லை, அதை நான் கைமாற்றுவதில்லை. பாடப்புத்தகங்களும் நானே செய்த பட்டியல்களும்தான். குவிக் ஷேரில் போட்டேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. வரிசை மாறாமல், 06 முதல் 12 வரை, நான் மறுபடி உட்கார்ந்து போட்ட மஞ்சள் கோடுகளோடு.

ஒரு மணி நேரம் கழித்து அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“அக்கா, பத்தாவது வரலாறு, 37-ஆம் பக்கம் ஓரத்துல ‘கேஸ் புக் பண்ணணும், அம்மா மாத்திரை 10’னு எழுதியிருக்கே. இதுவும் சிலபஸா?”